சோடாவுக்கு ஐந்து புள்ளி

நூற்றிரண்டு வோட்டுள்ள ஒழுங்கையில் இருநூற்று நான்கு வோட்டு விழப்போகிறது என்று கணக்கு வந்ததும், தேவராசா பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்தான். பிழை எங்கே என்று இன்னொரு முறை கூட்டிப் பார்த்தான். கூட்டல் சரி. சனந்தான் பிழை.

"இஞ்சாருங்கோ, உந்தப் பென்சிலை விட்டிட்டுப் புட்டைச் சாப்பிடுங்கோ," என்றாள் மனைவி அருந்ததி.

"காலமை அப்புக்காத்தரோடை போகேக்கை முப்பத்தொரு வீட்டிலையும் கேட்டனான். நூற்றிரண்டும் அவருக்குத்தான் எண்டினம். பின்னேரம் மனேச்சரோடை போய் அதே வீடுகளிலை கேட்டனான். நூற்றிரண்டும் அவருக்குத்தான் எண்டினம்."

"முகத்துக்கு நேரை வந்து நிண்டு கேட்டால் வேறை என்னத்தைச் சொல்லுறது? இல்லையெண்டே சொல்லுவினம்?"

"ஒருத்தராவது ஒரு சொட்டு யோசிச்சிருக்கலாம்."

"உங்களை ரெண்டு பக்கத்தோடையும் கண்ட சனம், அதைப் பற்றிக் கனக்க யோசிச்சிருக்கும்."

தேவராசா புட்டைப் பிசைந்தான்.

அவன் பதுளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கோப்பெழுதும் லிகிதர். ஆறு வருடமாகப் பதுளைக் குளிரில் அவனும், சண்டிலிப்பாய் ஆலடி ஒழுங்கை வெயிலில் அருந்ததியுமாகக் குடும்பம் நடத்திவந்தார்கள். இடமாற்றம் கேட்டு அவன் எழுதிய பதினொரு விண்ணப்பங்களும் 'கவனத்தில் எடுக்கப்பட்டன'. கவனத்தில் எடுத்தவர்கள் பிறகு அவற்றை எங்கே வைத்தார்கள் என்பது மட்டும் தெரியவில்லை. இந்தமுறை அவன் படலையைத் திறந்து உள்ளே வந்தபோது, அவனுடைய மூன்று வயது மகன் அடுக்களைக்கு ஓடிப்போய், "அம்மா, ஆரோ ஒரு மாமா வந்திருக்கிறார்," என்று அறிவித்தான். இனிப் பதுளை இல்லை என்று தேவராசா அந்த நிமிடமே முடிவு செய்தான்.

முடிவு செய்வது சுலபம். யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் எடுக்க எம்.பி.யின் கடிதம் வேண்டும். எம்.பி. வேண்டுமென்றால் தேர்தல் வேண்டும். நல்ல காலமாக அது, அறுபத்தைந்தாம் ஆண்டு பங்குனியில், இன்னும் பத்து நாளில் இருந்தது.

போட்டி இரண்டு பேருக்கிடையில். குடைச் சின்னத்தில் அப்புக்காத்து இராசநாயகம். வழக்குப் பேசக் கோட்டுக்குக் காரில் போய்வருகிற மனிதர், இருமுவதுகூட ஆங்கிலத்தில். தராசுச் சின்னத்தில் கனகலிங்கம். இருபத்திரண்டு வருடம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து, ஊருக்கெல்லாம் பங்கீட்டுக் கூப்பன் அரிசி நிறுத்துக் கொடுத்து இளைப்பாறியவர். சைக்கிளில்தான் வருவார்.

தேவராசாவின் சங்கதி இருவருக்கும் தெரியும். அப்புக்காத்தர், "பாப்பம்," என்றார். மனேச்சர் விண்ணப்பத்தின் பிரதியை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வெண்டால் முதல் கடிதம் உன்ரைதான்ரா தம்பி," என்றார்.

ஆனால் தோற்றவருடைய கடிதத்துக்குப் பதுளையில் மதிப்பில்லை. வென்ற பிறகு மாலையும் கையுமாக ஓடுகிறவனையும் எந்த எம்.பி.யும் நினைவில் வைத்திருப்பதில்லை. அப்படி ஓடுகிறவர்கள் வளவு கொள்ளாமல் நிற்பார்கள். வெல்ல முதலே பக்கத்தில் நின்றவன் என்று பெயரெடுக்க வேண்டும். ஆகவே, யார் வெல்லுவார் என்பது தேவராசாவுக்கு இப்போதே தெரிந்தாக வேண்டும்.

வழியை ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் வாசித்திருந்தான். அமெரிக்காவில் ஆயிரத்தைந்நூறு பேரிடம் கேட்டுவிட்டு, முழு நாட்டுக்கும் யார் தலைவர் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்களாம். கருத்துக் கணிப்பு. அமெரிக்காவுக்கே ஆயிரத்தைந்நூறு காணும் என்றால், இந்தத் தொகுதிக்கு ஆலடி ஒழுங்கை தாராளம்.

வயிற்றுக்கடுப்பு என்று சான்றிதழ் வாங்கிக் கொடுத்து, இரண்டு கிழமை சுகயீன லீவில் வந்த மனிதன் வெயிலில் சைக்கிள் ஓடித் திரிவது சரியல்லத்தான். அரசாங்க உத்தியோகத்தன் அரசியலில் இறங்குவது அதைவிடச் சரியல்ல. அதனால் அவன் ஆளடையாளம் தெரியாமலிருக்கத் தலையில் ஒரு துவாயைக் கட்டிக்கொண்டான். அது தேவராசாவின் துவாய் என்பது ஊருக்கே தெரியும்.

முதல் கணிப்பு இருநூற்று நான்கில் முடிந்ததும், கேட்கிறவன் ஒரு பக்கமும் சாராதவனாக இருக்கவேண்டும் என்ற ஞானம் பிறந்தது. அடுத்தநாள் தனியாக, துவாய் இல்லாமல், வெள்ளைச் சேட்டும் களிசானும் போட்டு, கந்தோர்க் கணக்குக் கொப்பியோடு புறப்பட்டான். ஒழுங்கைத் தலைப்பில் முதல் வீடு புகையிலைத் தோட்டக்காரர் முத்துக்குமாருவுடையது.

"அண்ணை, நான் இண்டைக்கு ஒரு பக்கமும் இல்லை. பொதுவாய்க் கேக்கிறன். இந்த வீட்டிலை எத்தினை வோட்டு?"

முத்துக்குமாரு கொப்பியைப் பார்த்தார். களிசானைப் பார்த்தார்.

"ரெண்டு."

"லிஸ்ற்றிலை ஏழு கிடக்கு அண்ணை."

"ரெண்டுதான். நானும் மனிசியும். அவவுக்கும் இப்ப அவ்வளவு சுகமில்லை."

"உங்கடை ஐயா?"

"அவர் காலமாகி நாலு வருசம். அவற்றை கூப்பன் புத்தகத்தை அப்பவே திருப்பிக் குடுத்திட்டம். அதையும் எழுதுங்கோ."

"நான் கூப்பனைப் பற்றிக் கேக்கேல்லையே?"

"நீங்கள் கேக்கேல்லை. நாங்கள் சொல்லுறம்."

வீட்டுக்குள் ஏதோ பாரமான சாக்கை யாரோ இழுத்து ஒளிக்கும் சத்தம் கேட்டது.

தேவராசா ஐந்தாவது வீட்டுக்குப் போனபோது, ஒரே ஆளின் பெயரில் இரண்டு ஊரில் கூப்பன் எடுக்கிறவர்களைப் பிடிக்கக் கந்தோர் ஆள் வந்திருக்கிறது என்ற கதை வேலிக்கு மேலால் பன்னிரண்டாவது வீட்டைத் தாண்டிவிட்டது. எட்டாவது வீட்டில் ஒரு பெண், தன் புருசன் அந்த வீட்டில் இல்லவேயில்லை என்று சத்தியம் பண்ணினாள். புருசன் பக்கத்தில் கதிரையிலிருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அவரும் அதை ஆமோதித்தார். மத்தியானத்துக்குள் ஆலடி ஒழுங்கையின் வாக்காளர் தொகை நூற்றிரண்டிலிருந்து முப்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டது.

பின்னேரம் ஊர்த் தலைமைக்காரரான விதானையார் படலையில் நின்றார்.

"பிள்ளை, உந்த ஒழுங்கையிலை கூப்பன் சோதிச்சுத் திரியிறது எந்தக் கந்தோர் ஆளெண்டு அறிஞ்சு நான் மேலிடத்துக்கு எழுதவேணும். தேவராசா நிக்கிறாரே? அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

தேவராசா பாயில் விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

"அவருக்கு வயித்துக்கடுப்பு," என்றாள் அருந்ததி. "பதுளையிலையிருந்து கொண்டுவந்தவர். கடதாசியும் இருக்கு."

விதானையார் போன பிறகும் அவன் கொஞ்ச நேரம் முனகினான். இந்தமுறை உண்மையாகவே முனகினான். எட்டு நாள்தான் இருந்தது. கையில் இருநூற்று நான்கு என்று ஒரு கணக்கும் முப்பத்தெட்டு என்று ஒரு கணக்கும் இருந்தன. இரண்டையும் கூட்டி இரண்டால் பிரித்தும் பார்த்தான். நூற்றிருபத்தொன்று வந்தது.

உண்மை அவனுக்கு வெளித்தது அதற்கு அடுத்தநாள், பூரணம் மாமி வீட்டில்.

பூரணம் மாமி சொந்த மாமியல்ல, ஒழுங்கை முறையில் மாமி. காலையில் அவன் துவாயைக் கட்டிக்கொண்டு அப்புக்காத்தரோடு போனபோது, மாமி விழுந்தடித்து எழுந்து வந்தாள். கதிரையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "ஐயா இருங்கோ, இந்தா வாறன்," என்று பின்வேலிப் பொட்டுக்குள் நுழைந்து மறைந்து, சந்திக் கடைக்குப் போய், மூச்சிரைக்க இரண்டு சோடாவோடு வந்தாள். அவளே உடைத்துக் கொடுத்தாள். ஒரு தட்டில் பிஸ்கற். அந்தத் தட்டு அலுமாரிக்குள்ளிருந்து வந்த பூப்போட்ட தட்டு.

"உங்கடை வோட்டு?" என்றார் அப்புக்காத்தர்.

"அதைக் கேக்கவும் வேணுமே ஐயா? முதல் சோடாவைக் குடியுங்கோ."

பின்னேரம் அதே வீட்டுக்கு மனேச்சரோடு போனான். மாமி நிலத்தில் கால் நீட்டியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். எழும்பவில்லை. கையைக்கூட நிறுத்தவில்லை.

"ஆர், கனகலிங்கத்தாரே? உதிலை செம்பு கிடக்கு. கிணத்திலை தண்ணி அள்ளிக் குடியுங்கோ."

மனேச்சர் தானே அள்ளி, தானே குடித்தார். செம்பைக் கவிழ்த்து வைத்தார். கன்றுக்குட்டிக்கு வயிறு சரியாகிவிட்டதா என்று கேட்டார். மாமி மீனோடு பேசுவதுபோல ஏதோ பதில் சொன்னாள். அவ்வளவுதான்.

தேவராசாவுக்கு உடம்பு சிலிர்த்தது. வீட்டுக்கு ஓடிவந்து கொப்பியைத் திறந்து எழுதினான்: 'வாய் பொய் சொல்லும். அடுக்களை பொய் சொல்லாது.'

அதன் கீழே ஓர் அட்டவணை. சோடாவுக்கு ஐந்து புள்ளி. பால்கோப்பிக்கு நான்கு. பால்தேத்தண்ணிக்கு மூன்று. வெறுந்தேத்தண்ணிக்கு இரண்டு. தண்ணிக்குச் சைபர். செம்பைக் காட்டி 'அள்ளிக் குடியுங்கோ' என்றால் ஒன்று கழிக்க வேண்டும். பிஸ்கற்றுக்கு அரைப் புள்ளி. பூப்போட்ட தட்டென்றால் முழுப்புள்ளி.

அருந்ததி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"கலியாணம் முடிச்சு ஏழு வருசமாய் நான் உங்களுக்குத் தாறது வெறுந்தேத்தண்ணி. அப்ப உங்கடை கணக்கின்படி என்ரை வோட்டு ஆருக்கு?"

"அது வேறை. இது விஞ்ஞானம்."

"விஞ்ஞானத்துக்குச் சீனி போடவோ, வேண்டாமோ?"

அடுத்த இரண்டு நாளும் அவன் காலையில் குடையோடும் மாலையில் தராசோடும் ஒழுங்கையை உழுதான். அப்புக்காத்தர் வந்தால் கதிரைகள் துடைக்கப்பட்டன, கோழிகள் கலைக்கப்பட்டன, சில வீடுகளில் புருசன்மார் உடனே சேட்டுப் போட்டுக்கொண்டார்கள். மனேச்சர் வந்தால் ஒரு கோழிகூட விலகவில்லை. முத்துக்குமாரு, "நல்ல நேரத்திலைதான் வந்தனீங்கள். உந்தச் சாக்கின்ரை மற்ற மூலையைப் பிடியுங்கோ," என்று தொகுதியின் வேட்பாளரைக் கொண்டு எரு தூக்குவித்தார். தேவராசாவுக்கு மனேச்சரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. புள்ளி போடும்போது மட்டும் இரக்கம் காட்டவில்லை. குடை நூற்று முப்பத்தொன்பது. தராசு, எல்லாம் கழித்து, மைனஸ் பதினொன்று.

ஆனாலும் ஒரு சந்தேகம் அவனைப் படுக்கவிடவில்லை. ஆலடி ஒழுங்கையில் எல்லை வழக்கில்லாத வீடு கிடையாது. அப்புக்காத்தர் என்ற பயத்தில் சோடா உடைக்கிறார்களோ? அப்படியானால் ஆளை விலக்கிவிட்டு, சின்னத்தை மட்டும் சோதிக்க வேண்டும்.

ஒரு நாள் நெஞ்சில் குடைச் சின்னத்தைக் குத்திக்கொண்டு தனியே போனான். மூன்று சோடா, ஏழு பால்கோப்பி, எண்ணமுடியாத பிஸ்கற், நாலு வீட்டுப் பயற்றம் பணியாரம். பூரணம் மாமி முருங்கைக்காய்க் கறியோடு சோறே போட்டுவிட்டாள். அட்டவணையில் சோற்றுக்குப் புள்ளியில்லாததால் புதிதாகப் பத்து என்று எழுதினான். வயிறு முட்டி மேலே வந்த ஏவறையை விட்டால் புள்ளி குறையுமோ என்று அடக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

மறுநாள் தராசைக் குத்திக்கொண்டு போனான்.

"வாடா தம்பி," என்றார் முத்துக்குமாரு. "உந்த மாட்டின்ரை கயித்தை ஒருக்காப் பிடி. நான் இந்தா வாறன்."

அவர் வர அரைமணித்தியாலம் ஆயிற்று. அதற்குள் மாடு தேவராசாவை இரண்டு வளவும் ஒரு வெங்காயப் பாத்தியும் கடத்திவிட்டது. மற்ற வீடுகளில் ஒருத்தி குழந்தையைக் கையில் தந்துவிட்டுக் குளிக்கப் போனாள். இன்னொருத்தி தேங்காய் துருவித் தரச் சொன்னாள். குடிக்கக் கிடைத்தது கிணற்றுத் தண்ணி. அதுவும் தானே அள்ளி.

வீட்டுக்குத் திரும்பிய தேவராசாவின் முழங்காலில் காயம், முகத்தில் பிரகாசம்.

"சந்தேகமில்லை அருந்ததி. தராசு எண்டால் நாயிலும் கேவலமாய்ப் பாக்கிறாங்கள். குடை பிச்சுக்கொண்டு போகுது."

"நீங்கள் ஏன் வளைஞ்சு நிக்கிறியள்?"

அவன் வளவின் பின்பக்கத்துக்கு ஓடினான். சான்றிதழில் எழுதியிருந்த வயிற்றுக்கடுப்பு, ஒரு கிழமை பிந்தி, பதுளையிலிருந்து வந்து சேர்ந்துவிட்டது.

ஆனால் படுக்க நேரமில்லை. தேர்தலுக்கு இரண்டு நாள். அப்புக்காத்தரின் கடைசிக் கூட்டம் சந்தியில். அரசாங்க உத்தியோகத்தன் மேடையேற முடியாது. ஆகையால் ஒலிபெருக்கிக் காரின் கண்ணாடிகளுக்குச் சேலை கட்டிமறைத்து, தேவராசா உள்ளேயிருந்து கதைப்பதென்று ஏற்பாடாயிற்று. ஒரு கையில் மைக். ஒரு கையில் வயிறு.

"சகோதர சகோதரிகளே! இருபத்திரண்டு வருசம் எங்கடை அரிசிக்குள்ளை கல்லை நிறுத்துத் தந்தவர், இப்ப எங்கடை தலையிலை கல்லைப் போட வாறார்! அரிசிச் சாக்குக்குப் பின்னாலை இருந்த மனிசனுக்குப் பாராளுமன்றத்திலை என்ன அலுவல்?"

சனம் நன்றாகக் கைதட்டியது. "எங்கடை தேவராசா என்னமாய்க் கதைக்கிறான் பாருங்கோ," என்று யாரோ சொன்னது மைக்கிலும் விழுந்தது.

சேலை மெல்ல விலகியது. வெளியே மனேச்சர் கனகலிங்கம் ஒரு கையில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். முழுப் பேச்சையும் கேட்டிருந்தார். சட்டைப் பைக்குள்ளிருந்து நாலாக மடித்த விண்ணப்பத்தை எடுத்து, மடிப்பைத் தடவி நேராக்கி, உள்ளே நீட்டினார்.

"இது என்னட்டைக் கிடந்து என்ன செய்யிறது? பிடியும். இனி உம்மடை அலுவலை அப்புக்காத்தர் பாப்பார்."

இவ்வளவு நாளும் 'நீ' என்று கதைத்த மனிதர் அன்று 'நீர்' என்றார். மரியாதை கூடியிருக்கிறது என்று தேவராசா எடுத்துக்கொண்டான்.

கூட்டம் முடிந்ததும் விண்ணப்பத்தோடு அப்புக்காத்தரிடம் ஓடினான்.

"நல்லாய்க் கதைச்சீர்," என்றார் அப்புக்காத்தர்.

"ஐயா, என்ரை மாற்றம்…"

"பாப்பம்," என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார். கார் வெளிக்கிட்ட புழுதிக்குள் தேவராசா விண்ணப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பரவாயில்லை. நூற்று முப்பத்தொன்பதுக்கு மைனஸ் பதினொன்று. விஞ்ஞானம் பொய்க்காது.

தேர்தலன்று பள்ளிக்கூடத்து முற்றத்தில் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. ஆலடி ஒழுங்கை முழுவதும் வந்திருந்தது; கூப்பன் பயத்தில் காணாமல்போன அறுபத்துநாலு பேரும் குளித்து முழுகி நின்றார்கள். தேவராசா வரிசையின் நடுவில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்த்தான். எல்லாரும் அவனைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். வெளியே மதிலோடு மனேச்சரின் சைக்கிள் சாத்திக் கிடந்தது. முத்துக்குமாரு போகிற போக்கில் அதன் சீற்றிலிருந்த தூசியைத் துவாயால் தட்டிவிட்டுப் போனார். தேவராசாவுக்கு ஏனோ அது பிடிக்கவில்லை.

அந்த நேரம் பூரணம் மாமி வோட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"என்ன மோனை, இப்பிடி வாடிப்போய் நிக்கிறாய்?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "மாமி, குடைதானே?"

மாமி இரண்டு பக்கமும் பார்த்தாள். "போட்டு முடிஞ்சுது, இனி உனக்கு ஒளிச்சு என்ன? எங்கடை ஒழுங்கை முழுக்கத் தராசுதான்ரா தம்பி. கனகலிங்கத்தாரை விட்டிட்டு வேறை ஆருக்குப் போடுறது?"

தேவராசா வயிற்றிலிருந்து கையை எடுத்தான்.

"அப்ப… அந்தச் சோடா, மாமி? பிஸ்கற்? அந்தப் பூப்போட்ட தட்டு?"

மாமி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"என்னடா கேள்வி? வோட்டுத்தான் குடுக்கேலாது எண்டாப் பிறகு, வீடு தேடி வந்த மனிசனை ஒரு சோடாவாவது உடைச்சுக் குடுக்காமல் எப்பிடியடா அனுப்புறது?"